லேபிள் போன விமானி ஜாக்கெட்: யார் தைத்தது, யாருக்குப் பொருந்தும்?

அமெரிக்க ராணுவ விமானிகளின் தோல் ஜாக்கெட்டான ஏ-2 ஒன்று, லேபிள் இல்லாமல் பார்வைக்கு வந்தது. குதிரைத் தோல், அடர் பழுப்பு, உள்துணி மாற்றப்பட்டிருக்கிறது. விற்பவர் "ரஃப் வேர் தயாரிப்பு" என்று எழுதியிருந்தார், ஆனால் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. தயாரிப்பாளர் பெயரைச் சொல்கிறவர் வெட்டையும் தையலையும் காட்டித்தான் சொல்ல வேண்டும். லேபிள் கடைசிச் சாட்சி.

முதலில், இது ராணுவத்துக்குத் தைத்ததுதானா என்று பாருங்கள். ஏ-2 வடிவத்தை அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931ல் ஏற்றது. வரைபட எண் 30-1415. முதுகு ஒரே தோல் துண்டு. முன்னால் மூடி வைத்த இரண்டு பைகள், மூடிக்கு டிச் பட்டன். பக்கவாட்டில் கை நுழைக்கும் பை கிடையாது. காலர் முனைகளை அடியில் மறைந்த டிச் பட்டன் பிடித்துக்கொள்ளும். கழுத்தில் ஒரு கொக்கி, ஜிப்புக்குப் பின்னால் காற்றுத் தடுப்புப் பட்டை. முதுகு நடுவில் தையல் ஓடினாலோ பக்கவாட்டுப் பை இருந்தாலோ இரண்டாம் உலகப் போர்க்கால ஏ-2 என்ற பேச்சை அங்கேயே விட்டுவிடலாம். அமெரிக்க விமானப்படை 1988ல் ஏ-2வைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஆட்டுத் தோலில் தைத்தார்கள், வெட்டும் லூசானது. பக்கவாட்டுப் பை அதற்கும் பிறகு சேர்ந்தது.

வரைபடம் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு தொழிற்சாலையும் வெட்டு அட்டையைத் தானே போட்டுக்கொண்டது. அதனால்தான் லேபிள் இல்லாமலும் ஆளைப் பிடிக்க முடிகிறது. காலர் முனை எவ்வளவு நீளம், எந்தக் கோணம். காலருக்கும் உடலுக்கும் நடுவே தனிக் கழுத்துப் பட்டி உண்டா, காலரை நேரடியாகத் தைத்திருக்கிறார்களா. பை மூடியின் கீழ் விளிம்பு எப்படி வளைகிறது. பையின் அடி மூலை உருண்டையா, வெட்டினாற்போலவா. தோள்பட்டியின் பெருக்கல் குறித் தையல் ஓரத்திலிருந்து எத்தனை தூரம். இந்த ஐந்தையும் லேபிள் உறுதியான ஒரு ஜாக்கெட்டின் நேர்ப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு ஒத்துப்போனால் போதாது. பை மூடி மட்டும் ஒரே மாதிரி இருக்கிற தயாரிப்பாளர்கள் உண்டு. ஐந்தும் சேர்ந்து ஒத்துப்போவதுதான் அபூர்வம்.

* * *

லேபிள் இருக்கும்போதும் கவனம் வேண்டும் என்பதால் இதைச் சேர்க்கிறேன்.

போர்க்கால லேபிள் நெய்தது, அச்சடித்ததல்ல. அதில் வகை, வரைபட எண், ஒப்பந்த எண், நிறுவனம், ஊர், "ராணுவ விமானப்படையின் சொத்து" என்ற பொருளில் ஒரு வரி எல்லாம் இருக்கும். ரஃப் வேர் என்றால் பென்சில்வேனியாவின் மிடில்டவுன், ஏரோ லெதர் என்றால் நியூயார்க் மாநிலத்தின் பீக்கன், பெர்ரி ஸ்போர்ட்ஸ்வேர் என்றால் நியூபர்க், டுபோ என்றால் சிகாகோ, ஸ்டார் ஸ்போர்ட்ஸ்வேர் என்றால் மாசசூசெட்ஸின் லின். பெயரும் ஊரும் ஒட்டாவிட்டால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை.

ஒப்பந்த எண் இரண்டு விதமாக வரும். டபிள்யூ535 ஏசி-27752 (ரஃப் வேர்) போன்ற எண்ணில் ஆண்டு தெரியாது. 42-1401-பி போன்ற ஆர்டர் எண்ணில் முன்னால் நிற்கும் 42 நிதியாண்டு. அந்தக் காலத்தில் அமெரிக்க அரசின் நிதியாண்டு ஜூலையில் தொடங்கியது. ஆகவே 42 என்றால் 1941 ஜூலை முதல் 1942 ஜூன் வரை. "42 என்று போட்டிருக்கிறதே, 1942ல் தைத்தது" என்பது பாதி உண்மைதான்.

லேபிளை ஒரு ஜாக்கெட்டிலிருந்து பிரித்து இன்னொன்றில் தைப்பது சாதாரணமாக நடக்கிறது. லேபிளின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். இப்போதைய நூலுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை ஊசித் துளை தெரிந்தால் அது ஒருமுறை பிரித்துத் தைத்தது. உள்துணி மாற்றியபோது நேர்மையாகத் திரும்பத் தைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால், அது போலி என்று உடனே முடிவு கட்டாமல் காலரையும் பையையும் பார்த்துத் தீர்மானியுங்கள். புற ஊதா விளக்கில் நூல் பளிச்சென்று ஒளிர்ந்தாலும் அதே நிதானம் வேண்டும்: நூல் பிற்காலத்தது என்ற சந்தேகம் நியாயம், ஆனால் இன்றைய சலவைத்தூள் பட்ட பழைய பருத்தியும் ஒளிரும்.

இன்னொன்று: ஈஸ்ட்மேன், பஸ் ரிக்சன்ஸ் போன்ற இன்றைய மறுதயாரிப்பாளர்கள் போர்க்கால ஒப்பந்தங்களையே பின்பற்றித் தைக்கிறார்கள். பத்து வருடம் நன்றாக உடுத்திய மறுதயாரிப்பு, படத்தில் பழையதாகவே தெரியும்.

* * *

ஜிப்பை மட்டும் வைத்து ஆண்டு சொல்கிறவர்களுக்கு: டேலன், கிரவுன், கான்மார் மூன்றும் போர்க்காலத்தில் வந்தவைதான். ஆனால் ஏ-2வில் முதலில் கெட்டுப்போவதே ஜிப்தான், பல ஜாக்கெட்டில் அது மாறியிருக்கும். ஜிப் நாடா தோலுக்குள் நுழையும் இடத்தில் தையல் துளை இரட்டையாக இருந்தால் மாற்றியது.

நிறமும் ஏமாற்றும். செம்பழுப்பாக வந்த ஜாக்கெட்டுகள் பலவற்றை அடர் பழுப்பாகச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். காலருக்கு அடியிலும் பை மூடிக்கு உள்ளேயும் பாருங்கள். அங்கே செம்பழுப்பு எட்டிப் பார்த்தாலும், டிச் பட்டனின் உலோகத்தில் சாயம் படிந்திருந்தாலும், வெளி நிறம் பிறகு ஏறியது.

* * *

அளவுக்கு வருவோம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான்.

லேபிளில் அளவு 42 என்று இருப்பதை மறந்துவிடுங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வெட்டு மாறும், எண்பது வருடத்தில் தோல் சுருங்கியிருக்கும், கை நுனியிலும் இடுப்பிலும் உள்ள பின்னல் பட்டி மாறியிருக்கும். ஜிப்பை முழுக்க மூடி, ஜாக்கெட்டைத் தட்டையாகப் போட்டு, கையால் நீவி, அக்குள் தையலுக்கு ஒரு அங்குலம் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அளக்க வேண்டும். அதை இரண்டால் பெருக்கினால் ஜாக்கெட்டின் மார்பளவு. அதிலிருந்து உங்கள் உடம்பின் மார்பளவைக் கழியுங்கள். மிச்சம் 3 முதல் 4 அங்குலம் என்றால் சட்டைக்கு மேல் கச்சிதம். ஸ்வெட்டர் போடுகிறவருக்கு 5 முதல் 6 வேண்டும். 2க்குக் கீழே போனால் ஜிப் மூடும், மூச்சு முட்டும். ஜிப்பைத் திறந்துபோட்டு அளந்து அனுப்புகிற விற்பனையாளர்கள் உண்டு. அதில் ஒரு அங்குலம் கூடினால் மொத்தத்தில் இரண்டு தவறும். மூடிய ஜிப்பின் மேல் டேப் கிடக்கிற படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். அரை அங்குலம் வெளியே போனால் பரவாயில்லை. உள்ளே வந்தால் கை முன்னால் நீளும்போது முதுகு இழுக்கும். ஏ-2வின் முதுகில் மடிப்பு இல்லாததால் கையைத் தூக்கினால் ஜாக்கெட்டும் மேலே ஏறத்தான் செய்யும். அதைக் குறை என்று எண்ணி ஒரு அளவு பெரிதாக வாங்கினால் அக்குளில் தோல் குவியும், ஏறுவதும் நிற்காது.

கை நீளத்தைத் தோள் தையலிலிருந்து பின்னல் பட்டியின் நுனி வரை, வெளிப்பக்கமாக அளக்க வேண்டும். பட்டி மணிக்கட்டில் உட்கார வேண்டும். புதுக் குதிரைத் தோலில் முழங்கை மடிப்பு விழ விழ கை அரை முதல் ஒரு அங்குலம் வரை மேலே வாங்கும். புதிதாக வாங்கும்போது அந்த அளவு நீளம் இருக்கட்டும். பழையதில் மடிப்பு ஏற்கெனவே விழுந்துவிட்டது, அளந்ததுதான் அளவு.

பின்நீளம் காலர் தையலுக்குக் கீழிருந்து இடுப்புப் பட்டியின் அடி வரை. பெல்ட்டுக்குச் சற்றுக் கீழே முடிந்தால் சரி. குட்டையாக இருக்கிறது என்று தோன்றும், வடிவமே அப்படித்தான். உயர்ந்த இடுப்புக் கால்சட்டையோடு போடத் தைத்தது. இடுப்புப் பட்டியை மாற்றும்போது இறுக்கமாகப் போட்டுவிட்டால் மேலே தோல் பலூன் போல உப்பும். தோலில் கோளாறு இல்லை, பட்டியைத் திரும்ப மாற்றினால் போகும். ஜிப் நெடுக அலை அலையாக நெளிந்தால் மட்டும் யோசியுங்கள். நனைந்து காய்ந்த தோல் சுருங்கி, நாடா சுருங்காமல் நின்றதன் அடையாளமாக இருக்கலாம். அதை நேராக்க முடியாது.

* * *

அமெரிக்கக் கடற்படையின் விமானி ஜாக்கெட்டான ஜி-1க்கும் இந்த அளவு முறை பொருந்தும், இரண்டு வித்தியாசத்தோடு. முதுகில் இரு பக்கமும் விரியும் மடிப்பு உண்டு. மடிப்பை மூடி வைத்துத்தான் அளக்க வேண்டும், விரித்தால் பொய் அளவு வரும். ரோமக் காலர் கழுத்தில் இடம் பிடிப்பதால் கழுத்தளவு பெரியவர்கள் மேலே வரை மூடிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

காலம் கணிப்பது ஜி-1ல் எளிது. பல லேபிள்களில் எம்ஐஎல்-ஜே-7823 என்ற எண்ணும் அதன் பின்னால் ஓர் எழுத்தும் வரும். எழுத்து முன்னேற முன்னேற ஜாக்கெட் பிந்தியது. ஒப்பந்த எண் டிஎஸ்ஏ என்று தொடங்கினால் 1960கள் முதல் 1976 வரை, டிஎல்ஏ என்றால் 1977 முதல். ஒப்பந்தம் போட்ட அரசு முகமையின் பெயர் அப்போதுதான் மாறியது. ரோமத்தை விரலால் பிரித்து அடியைப் பாருங்கள்: தோல் தெரிந்தால் செம்மறி ரோமம், பின்னல் துணி தெரிந்தால் செயற்கை, அதாவது பிந்தைய காலத்தது. காற்றுத் தடுப்புப் பட்டையில் யுஎஸ்என் (அமெரிக்கக் கடற்படை) என்று துளையிட்டிருப்பதைச் சான்றாக எடுக்காதீர்கள். பொதுச் சந்தைக்குத் தைத்த நகல்களிலும் அதைப் போடுகிறார்கள்.

எந்த ஜாக்கெட்டானாலும் வாங்கும் முன் காலர் மடிப்பையும் அக்குளையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செம்பொடி ஒட்டினால் தாவரப் பதனீட்டுத் தோல் உள்ளுக்குள் சிதைகிறது. எண்ணெய் பூசினால் அது திரும்பாது, கனம் கூடித் தையலோரத்தில் கிழியும். அப்படிப்பட்டதை மாதிரிக்காக வைத்துக்கொள்ளலாம், உடுத்த முடியாது.