தவிலுக்காக ஒரு வால்வு கம்ப்ரஸர்: சைட்செயினில் நான் பட்டது

வால்வு கம்ப்ரஸர் (சத்தம் எகிறும்போது தானாகக் குறைக்கிற கருவி) கட்டுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் சத்தம் போகிற பாதையிலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள், இன்புட் டிரான்ஸ்பார்மர் எது, கண்டன்சர் எந்தக் கம்பெனி என்று. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பாதை இரண்டு வாரத்தில் முடிந்தது, எப்போது, எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிற சைட்செயினுக்கு மூன்று மாதம் ஆனது. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

கும்பகோணம் பக்கம் கோயில் உற்சவங்களில் மங்கள இசை பதிவு செய்கிறேன். நாயனம் ஆலாபனையில் மெல்ல இழைந்துகொண்டிருக்கும், தவில்காரர் ஒரு தீர்மானம் (முடிவுச் சொற்கட்டு) வைத்தால் மீட்டர் முள் முட்டி நிற்கும். பேர்ச்சைல்டு 670 என்கிற பழைய ஸ்டூடியோ கம்ப்ரஸர் மாதிரி 20 வால்வு வைத்துக் கட்ட நம்மால் முடியாது, அதிலிருக்கிற 6386 வால்வின் விலையும் நமக்குக் கட்டுப்படியாகாது. பழைய ரேடியோ மெக்கானிக் ஒரு ஐயாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "இது நம்ம ஏ.வி.சி. தானே தம்பி" என்று (ரேடியோவில் சத்தத்தைத் தானாகச் சமன் செய்கிற ஆட்டோமேட்டிக் வால்யூம் கன்ட்ரோல்) சொல்லி ஒரு டப்பாவிலிருந்து நான்கு இ.எஃப். 89 வால்வை எடுத்து வைத்தார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் திறந்தது. திருச்சி வானொலி பக்கத்திலிருந்து பலமாக வரும், இலங்கை வானொலி கடல் தாண்டி வரும், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சத்தத்தில் கேட்டதற்குக் காரணம் இந்த வால்வுதான். கிரிட்டில் (வால்வைக் கட்டுப்படுத்துகிற முனை) நெகட்டிவ் வோல்ட்டை ஏற்ற ஏற்ற கெயின், அதாவது பெருக்கம், படிப்படியாகக் குறையும், 20 வோல்ட் பக்கம் போனாலும் பட்டென்று மூடிக்கொள்ளாது. அந்த நெகட்டிவ் வோல்ட்டை யார், எவ்வளவு சீக்கிரம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பதுதான் சைட்செயின்.

முதலில் நான் செய்தது: அவுட்புட்டிலிருந்து சிக்னல் எடுத்து, ஒரு இ.சி.சி. 83இல் பெருக்கி, 6ஏ.எல்.5 டையோடில் டிசியாக்கி, 0.47 மைக்ரோ ஃபாரட் கண்டன்சரில் சேர்த்தேன். ஸ்கோப்பில் சைன் அலை வைத்துப் பார்த்தால் அழகாக வேலை செய்தது. தவிலுக்கு வைத்தால் கூடு போட்ட விரல் வலந்தலையில் (தவிலின் வலது பக்கம்) விழுகிற அந்த 'டக்' அப்படியே தப்பித்துப் போய்விடுகிறது, அதற்குப் பின்னால் வருகிற நாயனம் பாவம் அமுங்குகிறது! வால்வு மாற்றினேன், டையோடு மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 0.47 மைக்ரோ ஃபாரட்டில் ஒரு மில்லி செகண்டுக்குள் 15 வோல்ட் ஏற வேண்டுமென்றால் 7 மில்லி ஆம்பியர் வேண்டும். இ.சி.சி. 83இல் ஓடுவதே ஒரு மில்லி ஆம்பியர். தவிலடி முடிந்து போன பிறகுதான் அது கண்டன்சரை நிரப்பவே செய்யும். பேர்ச்சைல்டில் சைட்செயினுக்கு மட்டும் 6973 என்கிற பவர் வால்வுகளை ஏன் போட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் இ.எல். 84 என்கிற பவர் வால்வை டிரையோடாகக் கட்டி, நடுவில் டேப் வைத்த டிரான்ஸ்பார்மர் ஒன்றைக் கையால் சுற்றி வாங்கினேன் (ஒற்றை வால்வு ஓட்டுவதால் கோரில் பேப்பர் கேப் விடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டிசி ஓடிக் கோர் நிரம்பிவிடும்). அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கிற நேரம்) சுமார் ஒரு மில்லி செகண்டுக்கு இறங்கியது. பதிவைத் தவில்காரர் கேட்டார், இரண்டு நிமிஷம் பேசவில்லை, பிறகு "தம்பி, இது என் தவில் இல்லையே" என்றார். அவர் சொன்னது சரி. முதல் அடியையே அமுக்கிவிட்டேன், ஈரத் துணிமேல் அடித்த மாதிரி இருந்தது. டையோடுக்குப் பிறகு 6.8 கிலோ ஓம் சேர்த்து அட்டாக்கை நான்கு மில்லி செகண்டுக்குத் தள்ளினேன். 'டக்' திரும்பி வந்தது, மீட்டரும் முட்டவில்லை.

இன்னொன்று தொப்பி, தவிலின் இடது பக்கம். பூவரசங் கழி தொப்பியில் விழும்போது வருகிற 'தொம்' ஒவ்வொன்றுக்கும் நாயனம் உள்ளே போய் வெளியே வந்தது. சைட்செயின் வாசலில் 0.01 மைக்ரோ ஃபாரட், 100 கிலோ ஓம் வைத்து 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்தேன். தொப்பி பதிவில் முழுசாக இருக்கிறது, சைட்செயினுக்கு மட்டும் பாதிதான் கேட்கிறது.

சத்தம் போகிற பாதையில் புஷ்-புல்லாக (எதிரெதிர் ஜோடியாக) வேலை செய்கிற இரண்டு இ.எஃப். 89உம் ஜோடி பொருந்தியிருக்க வேண்டும். இரண்டு கிரிட்டுக்கும் ஒரே நெகட்டிவ் வோல்ட் போவதால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் அது கழிந்துபோகும், பொருந்தாவிட்டால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் அடியில் ஒரு 'டுப்' கேட்கும். நான்கில் இரண்டுதான் எனக்குத் தேறியது. அப்புறம், 250 வோல்ட் சப்ளை கண்டன்சருக்குக் குறுக்கே சார்ஜ் வடிந்துபோக 220 கிலோ ஓம் கட்டாயம் போடுங்கள், அணைத்து ஒரு நிமிஷம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள்.

*

அண்ணா, உங்கள் தவில் கம்ப்ரஸர் பதிவைப் படித்துவிட்டு நான் வேதாரண்யத்திலிருந்து எழுதுகிறேன். நானும் 0.47 கண்டன்சர்தான், ரிலீசுக்கு (அமுக்கிய சத்தம் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கிற நேரம்) 2.2 மெகா ஓம், ஒரு வினாடி வர வேண்டும். பங்குனியில் கட்டியபோது சரியாக ஒரு வினாடி வந்தது. கார்த்திகை அடைமழையில் அது பாதியாகிவிட்டது, மூச்செடுக்கிற இடத்திலெல்லாம் சத்தம் பொங்கியது. வால்வில் கிரிட் கரண்ட் ஓடுகிறதோ என்று மூன்று வால்வு மாற்றினேன். கடைசியில் தங்கையின் ஹேர் டிரையரை வாங்கி, பாகங்களைப் பற்றவைத்திருக்கிற டேக் போர்டில் காட்டினேன், ஐந்தே நிமிஷத்தில் ரிலீஸ் பழையபடி வந்துவிட்டது.

அந்த பேக்லைட் போர்டில் பற்றவைத்தபோது மிஞ்சிய பழைய ஃப்ளக்ஸ் படிந்திருந்தது, அதன்மேல் எங்கள் ஊர் உப்புக்காற்று. ஈரம் ஏறியதும் அதுவே இன்னொரு 2 மெகா ஓம் ரெசிஸ்டன்ஸ் மாதிரி குறுக்கே நின்றிருக்கிறது. நெகட்டிவ் வோல்ட் போகிற கண்ட்ரோல் லைனை மட்டும் போர்டிலிருந்து பிரித்து பீங்கான் கால்மேல் தூக்கிக் கட்டினேன், மற்றதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி நன்றாகக் காயவைத்து வார்னிஷ் அடித்தேன். கடற்கரைப் பக்கம் கட்டுகிறவர்கள் முதலிலேயே இதைச் செய்துவிடுங்கள். அந்த இடத்தில் மல்டிமீட்டர் வைத்துச் சோதிக்கும்போது மீட்டரின் 10 மெகா ஓமும் கூடச் சேர்ந்துகொள்ளும், 2.2 என்பது 1.8 ஆகிவிடும். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் நேரத்தை அளக்க வேண்டும்.