விந்தணு டிஎன்ஏ பரிசோதனை எங்கே செய்யலாம்?

வயது 36, கிளிநொச்சிப் பக்கம், உழவு இயந்திரம் ஓட்டுகிறேன். மனைவிக்கு இரண்டு தரம் கரு தங்கி, மூன்றாம் மாதத்துக்குள் கலைந்துவிட்டது. அவவின் ஸ்கான், தைரொயிட், சீனி எல்லாம் சரி. (ஊர் இன்னும் அவவைத்தான் விசாரிக்கிறது!)

என் விந்துப் பரிசோதனை: மில்லிலீற்றருக்கு 38 மில்லியன், அசைவு 45 வீதம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழெல்லை 16 மில்லியன், 42 வீதம் என்பதால் 'நோர்மல்' என்றார்கள். வெரிகோசீலும் (விதைப்பை நாளங்களின் வீக்கம்) இல்லை. சிகரெட்டை விட்டு மூன்று மாதத்துக்கு மேல். புது விந்தணு உருவாக அவ்வளவு காலம் எடுக்குமாம்.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் உள்ளே டிஎன்ஏ இழை அறுந்திருக்கலாம், அதையும் பாருங்கள் என்கிறார் வைத்தியர். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் நான் கேட்ட ஆய்வுகூடங்களில் அது இல்லை. மாதிரியைப் பஸ்ஸில் கொடுத்துவிடுகிற விஷயமா இது?

வன்னியிலிருந்து போய் இதைச் செய்தவர்கள், எந்த ஊரில், என்ன செலவில் செய்தீர்கள்?