வெள்ளை மேல வெள்ளை: வேக்ஸ் போட்டவங்க உங்க கதையையும் சொல்லுங்க

வேளச்சேரியிலிருந்து:

என் கார் சாலிட் வெள்ளை, அதாவது மினுமினுப்பு கலக்காத வெறும் வெள்ளை. வாங்கி மூணு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் கடையில் வாட்டர் வாஷ் மட்டும்தான். போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள், நானே வேக்ஸ் போட்டால் என்ன என்று ஒரு டப்பா பேஸ்ட் வேக்ஸ் வாங்கி வந்தேன். கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு. உருகவே 80 டிகிரிக்கு மேல் வேண்டும், அவ்வளவு கெட்டி.

காலை பதினொரு மணி, நல்ல வெயில், வாசலில் வண்டி. டப்பாவில் போட்டிருந்தது இதுதான்: பூசுங்கள், வெளிறிக் காய்ந்ததும் துடைத்துவிடுங்கள். கறுப்பு வண்டிக்காரனுக்கு அது சரி. வெள்ளை பெயின்ட் மேல் வெள்ளையாக வெளிறினால் நான் எதைப் பார்ப்பது? பூசிய இடம் தெரியவில்லை, பூசாத இடமும் தெரியவில்லை. விட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகத்திலேயே பானட்டுக்கு மட்டும் மூணு தடவை பூசினேன். ரூஃப், கதவு, டிக்கி என்று முழு வண்டியையும் முடித்துவிட்டுத்தான் துடைக்கவே ஆரம்பித்தேன். துணி வழுக்கவில்லை, இழுத்தது. கை வலிக்க வலிக்கத் தேய்த்தேன். பார்த்தால் பளிச்சென்று இருந்தது. சரி, முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ராத்திரி ஏழு மணிக்கு பெட்ரோல் பங்க். அங்கே மேலே வரிசையாக வெள்ளை லைட். பெட்ரோல் போட்ட பையன் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்ன சார், மாவு மில் பக்கத்துல நிறுத்தினீங்களா?” என்றான். குனிந்து பார்த்தேன். பானட் முழுக்க வட்டம் வட்டமாகத் திட்டு. இட்லித் துணியை உதறிய மாதிரி. நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சாய்த்துப் பார்த்தால் மொத்தமும் இருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுவதற்குள் சரிசெய்தேன். காய்ந்து இறுகிப்போன வேக்ஸை வெறும் துணியால் தேய்த்தால் வராது. அதன் மேலேயே புது வேக்ஸை மெல்லிசாகப் பூசினால், அதில் இருக்கும் கரைப்பான் பழசை இளக்கிவிடும். இளகியதும் காயவிடாமல் உடனே துடைத்துவிட வேண்டும். பாதி பானட், அப்புறம் மறுபாதி, அப்புறம் ஒவ்வொரு கதவாக. துடைத்ததும் டார்ச்சைப் பெயின்ட்டை ஒட்டிப் படுக்கை வசமாகப் பிடித்துப் பார்த்தேன். திட்டு எங்கே மிச்சம் என்று அப்போதுதான் தெரிகிறது.

பத்து மணிக்குப் பூஜை. அம்மா பானட்டில் வைத்த சந்தனம் ஒட்டாமல் மெல்ல இறங்கியது. “என்னடா தடவி வச்சிருக்க?” என்று கேட்டார். ஒன்று சொல்ல வேண்டும், வருஷா வருஷம் வெள்ளை பானட்டில் குங்குமம் ஒரு ரோஸ் கறையை விட்டுவிட்டுத்தான் போகும். இந்த வருஷம் ஈரத்துணி பட்டதும் மொத்தமாக வந்துவிட்டது.

மதுரையிலிருந்து:

நம்ம வண்டியும் வெள்ளைதாண்ணே. ஆனா என் பிரச்சினை உங்களுக்கு நேர் எதிர். பெயின்ட்ல வேக்ஸ் தெரியல, சரி. கதவோரக் கறுப்பு ரப்பர் பீடிங்லயும் பம்பருக்குக் கீழ இருக்கிற கறுப்பு பிளாஸ்டிக்லயும் பட்ட வேக்ஸ் மட்டும் தூரத்துல இருந்தே தெரியுது! சொரசொரப்பான பிளாஸ்டிக் குழிக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. ஷாம்பு போட்டுக் கழுவுனேன், காயுற வரைக்கும் கறுப்பா இருந்துச்சு, காஞ்சதும் மறுபடி வெள்ளை.

யாரோ பீனட் பட்டர் தடவச் சொன்னாங்க. சிரிக்காதீங்க, வேலை செஞ்சது. அந்த எண்ணெய் வேக்ஸை இளக்குது, பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா வந்துருது. நான் பண்ணுன தப்பு, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவாம விட்டது. மறுநாள் காலைல கதவுல எறும்பு வரிசை. இப்ப வேக்ஸ் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடியே பெயின்டர் ஒட்டுற பேப்பர் டேப்பைச் சுத்தி ஒட்டிர்றேன். கால் மணி நேர வேலை, அம்புட்டுதான்.

காட்பாடியிலிருந்து:

தினமும் ரயில்வே ஸ்டேஷன் பார்க்கிங்கில் நிறுத்துகிறேன். பேர்ல் வெள்ளை, முத்து மாதிரி மினுங்குமே, அது. வேக்ஸ் போட்ட பிறகுதான் கவனித்தேன், டிக்கி முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஊசி முனை அளவு புள்ளிகள். துருவேறியது பெயின்ட் இல்லை. தண்டவாளத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள் பெயின்ட்டில் குத்தி நின்று துருப்பிடிக்கிறது. கறுப்பு வண்டியில் இது கண்ணில் படாது. வெள்ளையில் ஒவ்வொன்றும் தெரியும். நான் அதையெல்லாம் உள்ளே வைத்து மேலே மெழுகு பூசி மூடியிருக்கிறேன்!

வேக்ஸை எடுத்துவிட்டு அயர்ன் ரிமூவர், அதாவது இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம், அடித்தேன். துகள் இருந்த இடமெல்லாம் ஊதா நிறத்தில் வடிந்தது. நாற்றம் சகிக்காது, சாக்கடை உடைந்துவிட்டதா என்று மாடியிலிருந்து கேட்டார்கள். கழுவி முடித்து, மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டுத் தடவினால் மிச்சமிருக்கும் பொரிபொரி விரலுக்குத் தெரியும். அதற்கு க்ளே பார், பெயின்ட்டில் ஒட்டியதைத் தேய்த்து எடுக்கும் களிமண் மாதிரிக் கட்டி. வேக்ஸ் எல்லாம் அதற்கப்புறம்தான்.

தஞ்சாவூரிலிருந்து:

அப்பாவின் அம்பாசடர். வெள்ளை. அவர் போனபின் ஓரமாகவே நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேக்ஸ் போட்டுத் துடைத்தேன், துணி வெள்ளையானது. இன்னும் வேக்ஸ் போகவில்லை போலும் என்று மேலும் துடைத்தேன். இரண்டாவது துணியும் வெள்ளை, மூன்றாவதும் வெள்ளை. அரைமணி நேரம் கழித்து, வேக்ஸே படாத பின் கதவின் கீழ் மூலையில் சுத்தமான துணியை வைத்து அழுத்தினேன். அதிலும் வெள்ளை. நான் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தது அப்பா காலத்துப் பெயின்ட்டை.

பழைய வண்டிகளின் பெயின்ட்டுக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத காப்புப் பூச்சு கிடையாது, நிறமே மேல் பூச்சு. வெயிலில் பெயின்ட்டின் பிசின் சிதைந்ததும் வெள்ளை நிறமி தூளாக மேலே நிற்கும், சுண்ணாம்புச் சுவரைத் தொட்டால் கையில் ஒட்டுமே, அதுபோல. அதை முதலில் பாலிஷ் போட்டு லேசாக எடுக்க வேண்டும். அதன் பிறகு வேக்ஸ். பூசியதும் பெயின்ட்டுக்கு ஒரு பால் வெண்மை வந்தது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அம்மா வெளியே வந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வேளச்சேரியிலிருந்து:

தஞ்சாவூர் சார், கதவு மூலையில் துணி வைத்துப் பார்ப்பதை நானும் செய்து பார்த்தேன், என் வண்டியில் எதுவும் வரவில்லை, நிம்மதி.

எப்போது துடைப்பது என்று தனிச்செய்தியில் கேட்டவருக்கு: கண்ணை நம்பாதீர்கள். ஒரு விரலால் பூசின இடத்தில் ஒரு கோடு இழுங்கள். ஈஷினால் இன்னும் காயவில்லை. விரல் போன தடம் சுத்தமாக மின்னினால் துடைக்கலாம். சென்னை ஈரக்காற்றில், அதுவும் மழைக்காலத்தில், கூடுதல் நேரம் ஆகிறது. வேக்ஸ் பூசும் பேடை டப்பாவில் ஒரே ஒரு சுற்று சுற்றினால் ஒரு கதவுக்குப் போதும். துணி தரையில் விழுந்தால் வேறு துணி.

நான் இப்போதெல்லாம் சாயங்காலம் வெயில் இறங்கி, பானட் கைக்குச் சுடாத நேரத்தில்தான் ஆரம்பிக்கிறேன். முடிக்கும்போது இருட்டிவிடும், டார்ச்சோடு கதவுக்குக் கதவு குனிந்து பார்ப்பேன். நேற்று எதிர்வீட்டுப் பெரியவர் கேட் வரைக்கும் வந்து, “ரொம்ப நேரமா தேடுறீங்களே, என்ன தம்பி தொலைச்சீங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.