புதுப்பிப்பு: பழைய நீராவி மீட்பு கிரேனைக் கழற்றும் வரிசை

தடம் புரண்ட ரயில் பெட்டிகளைத் தூக்கும் இந்தக் கிரேனில், பூமை (தூக்கும் நீண்ட கையை) முதலில் கழற்றுவதா, பின்பக்க எதிர் எடையையா என்ற கேள்வியோடு முந்தைய பதிவு நின்றிருந்தது. பூம்தான் முதலில். அதை இறக்கி மரக்கட்டை அடுக்கில் உட்காரவைத்து, கம்பிவடம் முழுதாகத் தளர்ந்த பிறகே பூமின் அடியைக் கிரேனோடு பிணைக்கும் பின்களைத் தொட வேண்டும். பாரம் மிச்சமிருந்தால் பின் நகராது, நகர்ந்தாலோ பூம் துள்ளும். சம்மட்டியால் அடித்தால் பின்னின் முனை விரிந்து துளையிலேயே இறுகிவிடும். துளையைச் சுற்றியுள்ள இரும்பைச் சூடாக்கி, பின்னை ஹைட்ராலிக் ஜாக்கால் தள்ளுங்கள்.

பூம் போனதும் மேல்கூடு (பாய்லரும் எதிர் எடையும் உள்ள சுழலும் மேல்பகுதி) பின்பக்கம் பாரம் கூடி நிற்கும். முன்கூட்டியே அங்கே முட்டுக் கொடுங்கள். எதிர் எடையை இறக்கி, பாய்லர் நீரை வடித்த பிறகே, மேல்கூடு சுழலும் நடு அச்சாணியைக் கழற்றுங்கள். பாய்லர் உறையில், மூச்சில் போனால் ஆபத்தான ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள் (பல நேரம் இரும்பைவிட இந்த உறைதான் வேலையை இழுத்தடிக்கும்).

சக்கரங்கள் உள்ள அடிச்சட்டம் தண்டவாளத்தில் சொந்தச் சக்கரத்திலேயே போவதானால், ஓட்டும் பல்சக்கரங்களை விடுவித்து, அச்சுப்பெட்டிகளில் (சக்கர அச்சின் பேரிங் இருக்கும் பெட்டிகள்) எண்ணெயைப் பிடித்துவைக்கும் பழைய திணிப்பை மாற்றி எண்ணெய் ஊற்றுங்கள். காய்ந்த பேரிங் சீக்கிரமே சூடேறி உருகும்.