நம்ம வீடு குரூப்: பாரை விட்டா பாப்பு சாயறா

பாப்பு: பெரியம்மா, சித்தி, இருக்கீங்களா? பாலே கிளாஸ்ல பாரை (சுவரோரக் கைப்பிடிக் கம்பி) பிடிச்சுக்கிட்டா பாசே (ஒத்தைக் கால்ல நின்னு, மத்த பாதத்தை முட்டிகிட்ட வைக்கிறது) நல்லா நிக்குது. சென்டருக்கு, அதாவது நடு ஹாலுக்கு வந்து ரெலெவே (குதிகாலைத் தூக்கி முன்பாதத்துல நிக்கறது) ஏறினதும் ஒரு பக்கமா சாயறேன். வீட்ல பார் இல்ல, எப்படிப் பழகறது?

அம்மா: ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கோன்னு சொன்னேன்.

சித்தி (பிசியோ): வேண்டாம்க்கா, பிடிமானம்தான் சிக்கலே. பாப்பு, ரெண்டு கால்லேர்ந்து ஒத்தைக் காலுக்கு மாறும்போது இடுப்பு அந்தப் பாதத்துக்கு மேல வந்தாகணும். பாரைப் பிடிச்சா அந்த வேலையைக் கை ஏத்துக்கும், இடுப்பு நடுவுலயே நின்னுடும். கையை எடுத்ததும் குட்டு வெளிப்படுது.

சித்தி: முதல்ல குதிகாலைத் தூக்காமலே பாசே நில்லு. பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால், மூணும் தரையை அழுத்தணும். நிக்கிற பக்கத்து இடுப்பு வெளியே பிதுங்கினா பக்கவாட்டுப் புட்டத்தசை இன்னும் வேலைக்கு வரலைன்னு அர்த்தம். அது சரியானப்புறம் ரெலெவே. எடை பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் மேல இருக்கட்டும். சுண்டுவிரல் பக்கம் சரிஞ்சா கணுக்கால் பிசகிடும், ஆடறவங்களுக்கு அடிக்கடி வர்ற காயம் அது.

பாப்பு: நான் மூச்சைப் பிடிச்சு விறைப்பா நிக்கறேன் சித்தி. அப்பவும் விழறேன்.

சித்தி: அதனாலதான் விழறே 🙂 ஒத்தைக் கால்ல யாருமே அசையாம நிக்கறதில்ல. கணுக்கால் ஓயாம சின்னச் சின்னதா திருத்திக்கிட்டே இருக்கும், பார்க்கறவங்களுக்குத் தெரியாது. விறைச்சா அந்தத் திருத்தத்துக்கு இடமில்லாம போயிடும். மூச்சு விடு.

சித்தி: கண்ணு, உள்காது, மூட்டு தசைகளோட உணர்வு, மூணும் சேர்ந்துதான் நம்மளத் தாங்குது. பாதம் பதிச்சு நிக்கறது கைவந்ததும் கண்ணை மூடிப் பழகு, மத்த ரெண்டும் தேறும். சுவர் எட்டற தூரத்துல நில்லு.

பெரியம்மா: பரதத்துல நாங்க ஆரம்பத்துலேர்ந்தே நடு ஹால்லதான். ஆனா அதை அப்படியே உனக்குச் சொல்ல மாட்டேன் கண்ணு. அரைமண்டில முட்டி மடங்கி, உடம்போட பாரம் கீழ இறங்கிடும், பாதம் முழுக்கத் தரையில. உனக்கு முட்டி நேரா, பாரம் மேல, அடியில கொஞ்சூண்டு இடம். ரெண்டும் வேற வேற கஷ்டம். ருக்மிணி தேவி ரெண்டையும் பார்த்தவங்க. ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவா குழுவுல இருந்த க்ளியோ நார்டிகிட்ட பாலே கத்துக்கிட்டப்புறம்தான் பரதத்துக்கு வந்தாங்க. 1936ல கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியை ஆரம்பிச்சாங்க.

பாப்பு: எங்க மிஸ் ஸ்லீப்பிங் பியூட்டி பாலேல வர்ற ரோஸ் அடாஜியோங்கற ஆட்டத்தைக் காட்டினாங்க. இளவரசி அரோரா ஒத்தைக் கால் நுனியில நிக்கறா. நாலு இளவரசர்கள் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கை கொடுக்கறாங்க. ஒரு கையை விட்டு அடுத்த கை வர்ற வரைக்கும் அவளாவே நிக்கணும்!

சித்தி: 1890ல வந்த பாலே, ஆடறவங்கள நடுங்க வைக்கிற இடம் அது. உனக்கான பயிற்சியும் அதுலயே இருக்கு. கிளாஸ்ல பாரைப் பிடிக்காதே, விரல் நுனியை மட்டும் வை. அப்புறம் மெதுவா எடு. எடுக்கும்போது உடம்பு எவ்வளவு நகருதோ, அவ்வளவு பாரத்தைக் கை சுமந்திருக்குன்னு அர்த்தம்.

அம்மா: மொட்டை மாடில பழகட்டுமா? இடம் நிறைய இருக்கு.

பெரியம்மா: வேண்டாம்மா, கான்கிரீட்ல ஏறி ஏறி இறங்கினா கால் வலிக்கும். ஹால்லயே பண்ணட்டும். டைல்ஸ்ல சாக்ஸ் மட்டும் போட விடாதே, வழுக்கிடும்.

சித்தி: பாப்பு, பின்னாலேர்ந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. இடுப்பு இறங்கறது அங்கேர்ந்துதான் நல்லா தெரியும்.

அம்மா: நான் எடுக்கறேன். டியூஷன் முடிஞ்சு வரட்டும்.