கோபிள்மான்: பழைய உலகில் ஆப்ரிகார்ன் மரமே இல்லை, கேஸ்ட்லியை எங்கே தேடுவது?

கரிசல்மண்:
மைன்கிராஃப்ட் 1.21.1, ஃபேப்ரிக் (மாட் ஏற்றும் கருவி), தனி ஆட்டம். ஏற்கெனவே வீடு, வயல் எல்லாம் கட்டியிருந்த உலகத்தில், போகிமான்களை ஆட்டத்துக்குள் கொண்டுவரும் கோபிள்மான் மாட் (கூடுதல் நிரல்) சேர்த்தாச்சு. ஸ்டார்ட்டர் (முதல் போகிமான்) கிடைத்தது, சண்டையும் நடக்கிறது. ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு ஆப்ரிகார்ன் மரம்கூட இல்லை, அதன் பழம் இல்லாமல் போகிமான் பிடிக்கும் பந்து செய்ய வழியில்லை. வீட்டுப் பக்கம் வருவதும் அதே நாலைந்து போகிமான்தான். எனக்கு வேண்டியது கேஸ்ட்லி என்ற பேய்ப் போகிமான். அதை அதன் கடைசி வடிவமான கெங்கார் வரைக்கும் கொண்டுபோகணும். அதற்கு ட்ரேட் (இன்னொரு ஆட்டக்காரரோடு போகிமானை மாற்றிக்கொள்வது) பண்ண ஆள் கிடையாது.

நடுநிசிநண்டு:
மாட் சரியாத்தான் இருக்கு. மரம் எல்லாம் நிலம் புதுசா உருவாகுற நேரத்துலதான் வைக்கப்படும். நீங்க நடந்து பார்த்த சங்க் (உலகத்தோட நிலத்துண்டு) எல்லாம் சேவ்ல எழுதி முடிஞ்சது, அதுல இனிமே மரம் முளைக்காது. இதுவரைக்கும் போகாத திசையா பார்த்துக் கிளம்புங்க, காட்டுப் பயோம்ல (நிலவகை) தேடுங்க. ஆறு இருந்தா படகுல போங்க, சீக்கிரம் தூரம் கடக்கலாம்.

மரத்தைப் பார்த்ததும் கோடாலியை எடுத்துடாதீங்க. பழம் இலையோட பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கும். முதல்ல சின்ன மொட்டு, அப்புறம் பெருத்து முழு நிறம் பிடிக்கும். அப்போ ரைட் கிளிக் பண்ணிப் பறிச்சா அதே இடத்துல திரும்பவும் காய்க்கும், எப்பவாவது விதையும் விழும். விதையை வீட்டுக்குக் கொண்டுவந்து நட்டுட்டா அப்புறம் அலைய வேண்டாம். அவசரம்னா எலும்புத்தூள் போடுங்க.

பந்துக்கு நடுக்கட்டத்துல ஒரு செம்புக்கட்டி, அதுக்கு மேல, கீழ, ரெண்டு பக்கமும் சிவப்பு ஆப்ரிகார்ன். 4 பழத்துக்கு 4 போகிபால். சிவப்புதான் வேணும்னு காத்திருக்காதீங்க. நாலும் நீலமா இருந்தா அஸூர் பால், மஞ்சளா இருந்தா சிட்ரீன் பால். பேரும் நிறமும்தான் வேற, பிடிக்கிற பலம் போகிபால் அளவேதான்.

வழிகாட்டிமரம்:
அதே நாலைந்து போகிமான் வருவதற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனை இருப்பதுதான். பயோம், பகலா இரவா, வெளிச்ச அளவு, வானம் தெரிகிறதா, சிலவற்றுக்கு அருகில் என்ன பிளாக் இருக்கிறது என்பதுவரை பார்க்கும். முதலில் காமன், அன்காமன், ரேர், அல்ட்ரா ரேர் என்ற நான்கு அடுக்குகளில் ஒன்றை எடுக்கும். பிறகுதான் அந்த அடுக்கில், அந்த இடத்துக்குப் பொருந்துவதில் ஒன்றைப் பொறுக்கும். பெரும்பாலும் காமன் அடுக்குதான் விழும். ஆகவே ஒரே இடத்தில் நின்றால் ஒரே கூட்டம்தான் வரும்.

கண்ணை மூடிக்கொண்டு அலைவதைவிட 'செக் ஸ்பான்' கட்டளையைப் பயன்படுத்துங்கள் (ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக, முன்னால் சாய்கோடு போட்டு, பின்னால் அடுக்கின் பெயர்). நீங்கள் நிற்கும் இடத்தில், அந்த நேரத்தில் அந்த அடுக்கிலிருந்து எது எத்தனை சதவீதம் வரும் என்று பட்டியலே தரும். சீட் (கட்டளை போடும்) அனுமதி இல்லாத உலகமென்றால், ஆட்ட மெனுவில் லான் (உள்வலை ஆட்டம்) திறந்து, அங்கே அனுமதியை இயக்கினால் போதும். கேஸ்ட்லிக்கு இருட்டிய பிறகு ஓடவிடுங்கள். பகலில் பார்த்துவிட்டு 'இங்கே இல்லை' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

கரிசல்மண்:
நன்றி, ரெண்டு பேருக்கும். பிடிக்கும்போது ஃபால்ஸ் ஸ்வைப் (எதிரியைச் சாகவிடாத அடி) வைத்து உயிரை 1-க்கு இறக்கிவிட்டு எறிந்தால் போதுமா?

மூன்றாம்பிறை:
கேஸ்ட்லியிடம் ஃபால்ஸ் ஸ்வைப் பலிக்காது. அது நார்மல் வகை அடி, கேஸ்ட்லி பேய் வகை. மேலே படவே படாது. தூங்க வையுங்கள். ஹிப்னாஸிஸ், ஸ்லீப் பவுடர் என்று தூங்கவைக்கும் அடி எது இருந்தாலும் சரி. தூக்கம் பிடிக்கும் வாய்ப்பை 2.5 மடங்கு ஆக்கும், பக்கவாதம் 1.5 மடங்குதான்.

பலரும் கோட்டை விடுவது வேறு இடத்தில். சண்டை தொடங்காமல் நடந்து வருவதைப் பார்த்ததும் பந்தை எறிவார்கள். அப்படி எறிந்தால் வாய்ப்பு பாதி. ஸ்டார்ட்டரை அதன்மேல் அனுப்பிச் சண்டையைத் தொடங்கி, கேப்சர் (பிடி) என்பதைத் தேர்ந்தெடுத்து எறியுங்கள். அதோடு, உங்கள் அணியின் உச்ச லெவலைவிட அது பெரிதாக இருந்தால் வாய்ப்பு இன்னும் இறங்கும். லெவல் 10 ஸ்டார்ட்டரோடு போய் லெவல் 30 கேஸ்ட்லிக்குப் பந்தைக் கொட்டுவது வீண். முதலில் அணியை வளர்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ்ட்லி லெவல் 25-இல் அடுத்த வடிவமான ஹாண்டராகும். அதற்கு மேல் ட்ரேட் தேவையில்லை, லிங்க் கேபிள் என்ற பொருள் இருக்கிறது. ஹாண்டரை வெளியே விட்டு, கேபிளைக் கையில் பிடித்து அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் கெங்கார். ட்ரேட்டில் வடிவம் மாறும் மஷோக், கடாப்ரா, கிராவலர் மூன்றுக்கும் இதே வழிதான்.

நடுநிசிநண்டு:
ஒண்ணு விட்டுப்போச்சு. பயணத்துல பசிக்கு ஆப்பிளே சாப்பிடுங்க. ஒவ்வொரு தடவையும் 2.5 சதவீத வாய்ப்புல லெஃப்ட்ஓவர்ஸ் கிடைக்கும். ஒவ்வொரு சுற்றுலயும் கொஞ்சம் உயிர் ஏத்துற பொருள் அது. கிடைச்சா ஸ்டார்ட்டர் கையில கொடுத்துடுங்க.