நெப்ரா வான்தட்டு: வெண்கலக் காலமா இரும்புக் காலமா? பக்கத்துல கிடைச்ச வாளை வச்சு வயசு சொல்லலாமா?

செங்கல்சூளை:
ஜெர்மனியோட நெப்ரா தட்டு, அதாவது தங்கத்துல வட்டம், பிறை, நட்சத்திரம் எல்லாம் பதிச்ச வெண்கலத் தட்டு பத்தி எங்க பார்த்தாலும் "3600 வருஷப் பழசு, வெண்கலக் காலம்"னு அடிச்சு எழுதுறாங்க, எனக்கு இதுல உடன்பாடே இல்ல. 1999ல ரெண்டு பேரு அனுமதி இல்லாம மெட்டல் டிடெக்டர் எடுத்துட்டுப் போய் மிட்டெல்பெர்க் குன்றுல தோண்டி எடுத்து, மறுநாளே 31,000 மார்க்குக்கு (அப்போதைய ஜெர்மன் பணம்) வித்துட்டாங்க. அப்புறம் கை மாறி மாறிப் போய் 2002ல சுவிட்சர்லாந்தோட பாசெல் நகரத்துல ஜெர்மனி ஹாலே மியூசியத்தோட தொல்லியலாளர் ஹரால்ட் மெல்லர் வாங்குற ஆள் மாதிரி போய் உக்கார, போலீஸ் வந்து புடிச்சுது. ஆக, மண்ணுக்குள்ள அது எப்படி கிடந்துச்சுன்னு எந்த தொல்லியல்காரரும் பார்க்கல. கூடவே ரெண்டு வாள், ரெண்டு கோடாரி, ஒரு உளி, உடைஞ்ச சுருள் வளை கிடைச்சுதுங்கறது திருட்டுத்தனமா தோண்டினவங்க வாய்ச்சொல். தட்டுக்கு வயசு சொல்றதே அந்த வாளை வச்சுதான். இந்த மாதிரி இன்னொரு தட்டு எங்கயும் கிடைச்சதில்ல, அப்படி இருக்கும்போது பக்கத்து பொருளோட வயசை இதுமேல ஏத்துறது நியாயமா?

குன்றத்தூரான்:
அண்ணே, ஒரே குழியில ஒரே நேரத்துல புதைச்ச பொருள்ங்கள சேர்த்துப் பார்த்து காலம் சொல்றது சுவீடன் தொல்லியலாளர் மோண்டேலியஸ் காலத்துலருந்து இருக்கிற முறை, அதை விட்டா வரலாற்றுக்கு முந்தின ஐரோப்பாவுல பாதி பொருளுக்கு வயசே சொல்ல முடியாது. கோடாரியவே எடுத்துக்கங்க. முதல்ல தட்டையா இருந்தது, அப்புறம் ரெண்டு பக்க விளிம்பும் தூக்கினாப்ல வந்தது, கடைசியிலதான் கைப்பிடிய உள்ள சொருகுற குழாய் மாதிரி ஆச்சு. நெப்ரா கோடாரி விளிம்பு தூக்கின ரகம். வாள்ங்க ஹங்கேரி, ருமேனியா பக்கத்து 'ஆப்பா' (Apa, ருமேனியாவுல ஒரு ஊர்) ரக வாள் சாயல். அதோட நிக்கல, ஒரு வாளோட பிடிக்குள்ள இருந்த பிர்ச் மரப்பட்டைய கார்பன் டெஸ்ட் பண்ணா கி.மு. 1600 வாக்குலதான் வருது.

செங்கல்சூளை:
தம்பி, வாளுக்கு நீங்க சொன்ன வயசை நான் மறுக்கவே இல்லையே, மரப்பட்டை வாளோட வயசைத்தான் சொல்லும், தட்டோட வயசை சொல்லாது. 2020ல ஜெர்மன் தொல்லியலாளர்கள் கெப்ஹார்டும் க்ராவுஸவும் எழுதினதும் இதைத்தான். தட்டு அந்த இடத்துலயே கிடைக்கல, மத்த பொருளோட சேர்ந்ததும் இல்ல, கி.மு. முதல் ஆயிரத்துல இரும்புக் காலத்துக்கு வச்சுப் பாருங்கன்னாங்க. தட்டுல ஒட்டியிருக்கிற மண்ணும் மத்ததுல இருக்கிற மண்ணும் ஒத்துப்போகலங்கறாங்க. கெல்டிக் வாள்கள்ல பிறையும் வட்டமும் தங்கத்துல பதிச்சிருக்கறதையும் யோசிச்சுப் பாருங்க.

யாழினி_மெட்டல்:
எங்க அப்பா பத்தர், அதனால நான் பார்க்கறது வேலைப்பாட்டை. கிட்டத்தட்ட 2 கிலோ வெண்கலத்தட்டுல உளியால பள்ளம் வெட்டி, தங்கத் தகட்டோட ஓரத்தை அதுக்குள்ள அடிச்சு இறுக்கியிருக்காங்க, பசை இல்ல பத்தவைப்பு இல்ல. தங்கத்தை உலோகத்துல பதிக்கிற கைத்திறன் அதே கி.மு. 16ஆம் நூற்றாண்டுல கிரேக்கத்து மைசீனா குத்துவாள்கள்லயும் இருக்கு. அப்புறம் தட்டோட ரெண்டு ஓரத்துலயும் பதிச்ச தங்க வளைவுகளை பாருங்க, வலது வளைவுக்கு அடியில ரெண்டு நட்சத்திரம் மறைஞ்சிருக்கு, இடதுபக்கம் ஒரு நட்சத்திரத்தை புடுங்கி நகர்த்தி வச்சிருக்காங்க. அந்த வளைவோட தங்கமும் நட்சத்திரத் தங்கமும் வேற வேற கலவை. அப்ப முதல்ல வானம் மட்டும், பிறகு வளைவு, அதுக்கப்புறம் அடியில படகு மாதிரி வளைஞ்ச தங்கம், கடைசியில விளிம்பு சுத்தி துளை. படகை பார்த்ததும் எனக்கு டென்மார்க் ரோர்பி வாள் ஞாபகம் வந்துச்சு, அதுல வளைஞ்ச வாள் மேல ஒரு படகை கீறியிருப்பாங்க, அதுவும் கி.மு. 1600 வாக்குதான். பிறையும் வட்டமும் எந்தக் காலத்து ஆளும் வரைவான், ஆனா இந்தப் படகு அந்தக் காலத்தோட கைரேகை.

செங்கல்சூளை:
அக்கா, வேலைப்பாட்டு வரிசை நல்லா சொன்னீங்க, அதை ஏத்துக்கறேன். ஆனா படகும் சூரியனும் வடக்குல ஆயிரம் வருஷத்துக்கு மேல வந்துட்டே இருக்கு, பாறையில, சவரக்கத்தியில எல்லாம். ஒரு சின்னம் எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா, ஒரு குறிப்பிட்ட பொருள் எப்ப செஞ்சதுன்னு தெரிஞ்சிடாது. ரகம் பிரிக்கிறதுல இந்த தப்பு அடிக்கடி நடக்குது.

குன்றத்தூரான்:
அதுக்குத்தான் உலோகத்தை பார்க்கணும். பழைய உலோகங்களை ஆராயுற பெர்னிக்காவும் கூட இருந்த நிறைய பேரும் 2020லயே பதில் எழுதிட்டாங்க. காரீய ஐசோடோப்படி (உலோகம் எந்த சுரங்கத்துலருந்து வந்துச்சுன்னு காட்டுற சோதனை) தட்டோட செம்பு ஆஸ்திரியா மிட்டெர்பெர்க் சுரங்கப் பக்கம், மத்த பொருள்ங்களோட செம்பும் அதே வட்டாரத்தோட பொருந்துது. தோண்டினவங்க காட்டின குழிய மறுபடி தோண்டி மண்ணை சோதிச்சா செம்பும் தங்கமும் சுத்தி இருக்கிற மண்ணைவிட அதிகம். வாள்ல எவ்ளோ தங்கம் இருக்கும் சொல்லுங்க? பிடியில ஒரு பட்டை, அவ்ளோதான். அந்தக் குழியில தங்கம் எங்கருந்து வந்துச்சு?

செங்கல்சூளை:
மண்ணுல தங்கம் கூடியிருக்கறது வலுவான சாட்சிதான், அதை தள்ளிவிட மாட்டேன். ஆனா வாள் பிடிப் பட்டையும் தங்கம்தானே, அதிலருந்தும் துணுக்கு உதிர்ந்திருக்கலாமே. திருட்டுத்தனமா தோண்டின அந்த ரெண்டு பேரும் கருவியால தட்டு ஓரத்துல அடிச்ச வெட்டு இன்னும் தெரியுது, பெரிய தங்க வட்டத்துலயும் ஒரு துண்டு பிஞ்சிருக்கு. முறையா தோண்டியிருந்தா வாள் எந்தப் பக்கம் கிடந்துச்சு, தட்டு நின்னுச்சா படுத்திருந்துச்சான்னு ஒரு வரைபடம் இருந்திருக்கும், நாம இப்ப இவ்ளோ பேச வேண்டியதே இல்ல.

யாழினி_மெட்டல்:
அந்த வெட்டை குளோசப்புல பார்த்தப்போ எனக்கு வயிறு கலங்கிடுச்சு. சுத்தி மூவாயிரம் வருஷத்துக்கு மேல ஏறின பச்சைக் களிம்பு, நடுவுல ஒரு கீறல் மட்டும் புதுசா.